இணுவிலில்தான் கட்ட வேண்டும்

கொழும்புத்துறையில் எங்கள் வீட்டு ஹோல் சின்னது. நாலு பேர் இருந்தால் ஐந்தாவது ஆள் விறாந்தையில் நிற்க வேண்டும். அன்று அதற்குள் எட்டுப் பேர் இருந்தோம்.

நடுவில் கண்ணாடி மேசை. அதில் மூன்று தட்டங்கள். ஒன்றில் கதலி வாழைப்பழம், ஒன்றில் பயித்தம் பணியாரம், ஒன்றில் வெற்றிலை பாக்கோடு மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை. தட்டங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு என் மடிக்கணினியை வைத்திருந்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எத்தனை வீதம் முடிந்தது என்று ஓர் எண்.

"பதினெட்டு," என்றார் பட்டு வேட்டியோடு வந்திருந்த பெரியவர். சற்றுப் பொறுத்து, "பத்தொன்பது."

அப்பா எழுந்து நின்றார். "ஒரு சின்ன ஜெபம் செய்வம்," என்று கண்ணை மூடினார். அவர் மூடியதும், இணுவிலிலிருந்து தட்டங்களோடு வந்திருந்த அன்ரி கைப்பைக்குள் இருந்து திருநீற்றை எடுத்து, மடிக்கணினியின் மூடியில் மூன்று விரலால் இழுத்துவிட்டார். நான் தடுக்கவில்லை. எந்தப் பக்கத்து உதவியையும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் அவர்கள். பார்த்துக்கொண்டிருந்ததோ, ஹொலண்டில் துலிப் பூக்கிழங்குகளைக் குளிரில் வைத்திருக்கும் ஒரு மென்பொருளை.

செருப்பைக் கழற்றிப் பார்த்த மெசின்

வங்கியில் இருந்த நான் எப்படி மென்பொருளுக்கு வந்தேன் என்று முன்பே எழுதிவிட்டேன். இன்றுதான் வாசிக்கத் தொடங்குபவர்களுக்காக ஒரு வரி: முப்பது வயதில் வேலையை விட்டு, மறுபடி படித்து, காங்கேசன்துறை வீதியில் சைக்கிள் கடை ஒன்றுக்கு மேலே இருந்த சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். முதலாளி ரமேஷ் அண்ணையோடு சேர்த்து ஐந்து பேர்.

எனக்கு மெசினென்றால் சின்ன வயதிலிருந்தே ஒரு பயபக்தி. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முதல் கொம்பியூட்டர் வந்தபோது அதற்குப் பூப்போட்ட துணியால் உறை தைத்திருந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே போனோம். ரீச்சர் உறையை நீக்கினார், சுவிட்சைப் போட்டார், திரை நீலமாக வந்தது, நிறுத்தினார், உறையை மூடினார். அவ்வளவுதான் அந்தத் தவணைக்கான பாடம். அறைக்குள் புது பிளாஸ்ரிக் மணமும் கற்பூர மணமும் சேர்ந்து அடித்தது நினைவிருக்கிறது. கற்பூரம் கறையானுக்காக வைத்ததாம்.

அப்படி வளர்ந்தபடியால்தான் இணுவில் மெசினைப் பார்த்தபோது நான் சிரிக்கவில்லை.

இடம் பார்க்கும் பெட்டி

ஹொலண்டில் துலிப் வளர்ப்பவர்கள் கிழங்கைத் தோண்டி எடுத்து, அடுத்த நடுகை வரை பெரிய களஞ்சியங்களில் வைத்திருப்பார்கள். வெப்பம் கூடினால் முளைத்துவிடும், குறைந்தால் செத்துவிடும். அதைக் கண்காணிக்கும் மென்பொருள்தான் எங்கள் நிறுவனத்தின் முழு வருமானமும். எங்களில் ஒருவர்கூட உயிருள்ள துலிப்பைக் கண்டதில்லை.

அதை எழுதியவர் கஜன். நிறுவனத்தின் முதல் ஊழியர். இணுவிலில் தன் வீட்டு ஹோலில் இருந்தே எழுதினார். நான் சேர்ந்த மாதம் அவர் நோர்வேயில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

நாங்கள் எழுதும் நிரல் வெறும் எழுத்துதான். அதை மெசினில் ஓடக்கூடிய ஒன்றாக மாற்றுவதை அலுவலகத்தில் "பில்ட் அடிக்கிறது" என்போம். கஜன் போன பிறகுதான் தெரிந்தது, அந்த நிரலை அவருடைய வீட்டு மெசினில் மட்டுமே பில்ட் அடிக்க முடியும் என்று. வேறு எதில் போட்டாலும் திரை சிவந்துவிடும். வருடக்கணக்காக அதற்குள் எதை எதையோ போட்டு வைத்திருந்தார். என்ன போட்டார் என்று அவருக்கே தெரியாது.

ரமேஷ் அண்ணை ஒருமுறை அந்தப் பெட்டியை ஓட்டோவில் ஏற்றி அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். அது உயிர் பெறவே இல்லை. திரும்ப இணுவிலுக்குக் கொண்டுபோய்ப் பழைய மேசையில் வைத்தார்கள். உடனே வேலை செய்தது. ஏதோ வயர் தளர்ந்து இறுகியிருக்கும். ஆனால் ரமேஷ் அண்ணை முடிவு கட்டிவிட்டார்.

"அது இடம் பாக்குது ஷாமினி," என்றார். "இனித் தொடப்படாது. நீரே அங்கை போய் அடிச்சுக்கொண்டு வாரும்."

இணையத்தால் இணைத்து அலுவலகத்தில் இருந்தே இயக்கப் பார்த்தோம். இடி மின்னலுக்குப் பயந்து கஜனின் தாயார் பிளக்கைக் கழற்றிவிடுவார். வானம் வெளித்திருந்தாலும் கழற்றிவிடுவார்.

ஆகவே கிழமைக்கு மூன்று தரம் என் ஸ்கூட்டி இணுவிலுக்குப் போனது.

தமிழில் சொல்லப் போனேன்

கஜனின் தாயாரை நான் அன்ரி என்று கூப்பிட்டேன். கணவர் இல்லை. ஒரே மகன் நோர்வேயில். பெட்டியின் மேல் திருநீறும் ஒரு செவ்வரத்தம் பூவும் எப்போதும் இருக்கும். நான் போனதும் பூவை எடுத்துவிட்டுப் பிளக்கைப் போடுவார். பில்ட் முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். அதற்குள் தேத்தண்ணி வரும், சுசியம் வரும், சில நாட்களில் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வரும்.

இரண்டாம் கிழமையோ என்னவோ, அன்ரி கேட்டார்: "மெய்யே பிள்ளை, உதிலை என்ன செய்யிறியள்?"

பில்ட் என்று சொன்னால் விளங்காது என்று நினைத்தேன். "கட்டுறன் அன்ரி," என்றேன்.

"இஞ்சை வந்துதான் கட்ட வேணுமோ?"

"ஓம் அன்ரி. கஜன்ரை இதிலைதான் கட்டலாம். வேறை எங்கையும் எனக்குச் சரிவருகுதில்லை."

அன்ரிக்கு நான் சொன்னது சரியாகவே விளங்கியது. ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் பூமணி அக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு குமர்ப்பிள்ளை, மகன் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் இருந்துகொண்டு, கட்டினால் இங்கேதான் கட்டலாம் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அடுத்தடுத்த நாட்களில் நான் "எத்தினை தரம் கட்டினாலும் பிழைக்குது", "ஹொலண்டுக்காரன் கெதியாக் கட்டச் சொல்லுறான்" என்றெல்லாம் அதே ஹோலில் இருந்து சொல்லியிருக்கிறேன். பூமணி அக்காவின் பக்கத்தில் அந்தக் கதை எந்த ரூபம் எடுத்தது என்று இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. ஹொலண்டில் எனக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்ததாக ஒரு பகுதியினர் நம்பினார்கள்.

அப்பாவின் பேச்சுவார்த்தை

அம்மா அந்த நாட்களில் அக்காவின் பிள்ளைப்பேற்றுக்காக லண்டனில் இருந்தார். வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பா ஓய்வு பெற்ற நில அளவையாளர். தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல். எதையும் எல்லைக் கல் நட்டுத்தான் கதைப்பார்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, மீன் குழம்புச் சட்டியின் மூடியைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: "இணுவிலிலை சம்பந்தமாமே?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சும்மா கதை அப்பா. நான் வேலைக்கெல்லே போறன்."

"வேலைக்குக் கந்தோர் இருக்கு. உங்கை என்னத்துக்குக் கிழமைக்கு மூண்டு தரம்?"

"கட்ட அப்பா," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அப்பா மூடியைச் சட்டியில் வைத்தார். பிறகு என் தொலைபேசியிலிருந்து "இணுவில் பில்ட்" என்று போட்டிருந்த இலக்கத்தை எடுத்து அன்ரிக்கு அழைத்திருக்கிறார். நான் அதை அறியவே நாளானது. பூமணி அக்காவின் கதை அன்ரியின் காதுக்கும் போய்விட்டிருந்ததால், இவர் அழைத்ததும் பெண் வீட்டார் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்தார். அவர் மறுக்காததால், மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள் என்று இவர் நினைத்தார். இருவரும் மரியாதையான மனிதர்கள். கேட்டு வந்தவரை முகம் முறிக்கத் தெரியாதவர்கள்.

நான் அறிந்தபோது அவர்களின் சைவமா எங்கள் கிறிஸ்தவமா என்ற பிரச்சினையே தீர்ந்திருந்தது. கோயிலும் இல்லை, தேவாலயமும் இல்லை, பொது மண்டபத்தில் பதிவு, சாப்பாடு மரக்கறி, கீதம் ஒன்று, தேவாரம் ஒன்று.

"நல்ல மனுசி," என்றார் அப்பா. "ரெண்டு பக்கமும் விட்டுக்குடுத்துக் கதைச்சு முடிச்சிட்டம். நீ உன்ரை மெசினைப் பார்."

நான் நேரே இணுவிலுக்குப் போய் அன்ரியிடம் அப்படி ஒன்றுமே இல்லை என்றேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினார். வெட்கப்படுகிறேனாம்.

கஜனுக்கு அழைத்தேன். முதலில் அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஷாமினி, குழப்பிப் போடாதையும். எனக்கு இஞ்சை ஒரு பிள்ளையைத் தெரியும். அம்மாவுக்குச் சொல்லப் பயமாக் கிடக்கு. நீர் வரத் தொடங்கினாப் பிறகு அம்மா எனக்குச் சாதகம் அனுப்பிறதை விட்டிட்டா. ரெண்டு மாசம் பொறும்."

"உமக்கு விசரோ?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

கடைசியாக ரமேஷ் அண்ணையிடம் போனேன். அவர் முகம் வெளிறிவிட்டது. எனக்காக இல்லை. ஹொலண்ட்காரர்கள் அன்று காலைதான் புதிதாக ஒன்று கேட்டிருந்தார்கள்: மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடினால் போதாது, லினக்ஸ், மக் என்ற மற்ற வகைக் கணினிகளிலும் ஓட வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பார்களாம்.

"இப்ப நீர் மாட்டன் எண்டால் அன்ரி கோவிச்சுக்கொண்டு மெசினைத் தொட விடமாட்டா," என்றார். "அதுவும் போனால் ஐஞ்சு பேரும் வீட்டை போக வேண்டியதுதான்."

"அப்ப அந்த மெசின் தேவைப்படாமல் பண்ண வேணும்."

"பண்ணலாமோ?"

தெரியாது என்றேன். ஆனால் கலியாணத்திலிருந்து தப்ப வேறு வழி இருக்கவில்லை.

சீமேக்

இப்படித்தான் நான் சீமேக் படிக்கத் தொடங்கினேன். ஒரே நிரலை எந்த வகை மெசினிலும் பில்ட் அடிக்க உதவும் கருவி அது. எப்படிக் கட்டுவது என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. எங்களிடம் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன, எவை எவற்றை நம்பியிருக்கின்றன, கடைசியில் என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், அந்தந்த மெசினுக்கு ஏற்ற முறையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் நாள் நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, தேடினேன் கிடைக்கவில்லை என்றது. இரண்டாம் நாளும் அதையே சொன்னது. பிழையைத் திருத்திய பிறகும் கிடைக்கவில்லை என்றது. ஒரு கிழமை மண்டையை உடைத்த பிறகுதான் கண்டுபிடித்தேன்: முதலில் கண்டதை அது ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு உண்மை மாறினாலும் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கும். பில்ட் அடித்த கோப்புறையை அப்படியே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். பூமணி அக்காவுக்கும் இதே குணம்தான், ஆனால் அவரை அழித்துவிட்டுத் தொடங்க முடியாது.

பிறகு லினக்ஸ். கஜன் ஒரு கோப்புக்குக் கிழங்கு என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தார். ஓரிடத்தில் பெரிய கே, இன்னோரிடத்தில் சின்ன கே. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது. லினக்ஸோ அப்படி ஒரு கிழங்கே தனக்குத் தெரியாது என்றது. பெரிய எழுத்துச் சின்ன எழுத்து என்ற வேறுபாடே இல்லாத ஒரு மொழியில் பிறந்துவிட்டு இதற்காக இரண்டு நாள் அழுதேன்.

ஆனால் பெரிய புதிர் வேறு. வெப்பமானியிலிருந்து வெப்ப அளவை வாங்கும் பகுதியைக் கஜன் எழுதவில்லை. இணையத்தில் எங்கிருந்தோ இறக்கியிருக்கிறார். எங்கே வைத்தார்? அவருக்கு நினைவில்லை. இணுவில் மெசினைத் தலைகீழாகத் தேடினேன். கடைசியில் "மச்சாளின்ரை சாமத்தியவீடு" என்ற கோப்புறைக்குள், மஞ்சள் நீராட்டுப் படங்களுக்கும் ஆரத்திப் படங்களுக்கும் நடுவில் அது கிடந்தது.

முதல் வேலையாக அதைப் பிரதி எடுத்தேன். அதற்கு முந்திய கிழமைதான் அன்ரி, "உந்தப் பழைய படங்களிலை என்ரை முகம் வீங்கிக் கிடக்கு, முழுசா அழிச்சு விடுங்கோ பிள்ளை," என்று கேட்டிருந்தார். பேந்து பார்ப்பம் என்று தட்டிக் கழித்திருந்தேன். அழித்திருந்தால் ஹொலண்டில் ஒரு களஞ்சியம் முழுக்க முளைத்திருக்கும்.

மூன்றாவது மெசின்

விண்டோஸ் என் மடிக்கணினி. லினக்ஸுக்கு அலுவலகத்தில் ஒரு பழைய பெட்டி. மக் யாரிடமும் இல்லை. விசாரித்ததில் அரியாலையில் கலியாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் இருந்தது. தான் மதியம் சாப்பிடும் நேரத்தில் பாவிக்கலாம் என்றார்.

இரண்டு கிழமை இணுவிலை மறந்துவிட்டு அரியாலைக்குப் போனேன். ஒரு பக்கத் திரையில் யாரோ ஒரு மணமகள் மெதுவாக, மிக மெதுவாக நடந்து வந்துகொண்டிருப்பாள். மறுபக்கத்தில் என் சிவப்பு எழுத்துகள். அறை முழுக்கச் சோற்றுப் பார்சல் மணம். மக் என் நிரலை நம்ப மறுத்தது. ஒவ்வொரு முறையும் இது யார், ஏன் வந்தார் என்று கேட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, வீடியோக்காரர் கை கழுவப் போன நேரத்தில், முதல் தடவையாகச் சிவப்பே இல்லாமல் நூறு வீதம் வந்தது. நான் போட்ட சத்தத்தில் அவர் ஈரக்கையோடு ஓடிவந்தார்.

ஆனால் கலியாண வீடியோக்காரரின் வாசலில் என் ஸ்கூட்டி இரண்டு கிழமையாக நின்றால் கலியாண வீடியோவுக்குப் பேசுகிறேன் என்றுதானே ஊர் நினைக்கும்? அந்த நேரம் எனக்கு அது தோன்றவே இல்லை.

வெளியே வந்தபோது அப்பா அழைத்தார். குரல் அடிக்குரலுக்கும் அடியில் இருந்தது. "பிள்ளை, கெதியா வா. இணுவிலாலை வான் பிடிச்சு வந்து நிக்கினம். தட்டத்தோடை."

நூறு வீதம்

அதுதான் நான் முதலில் சொன்ன ஹோல்.

வாய்ப்பேச்சால் ஆகாது என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை தரம் சொல்லியாயிற்று! மடிக்கணினியைத் திறந்தேன். "அன்ரி, நான் உங்கடை வீட்டை வந்தது இதுக்குத்தான். எல்லாரும் ஒருக்கால் இருந்து பாருங்கோ," என்று பில்ட்டைத் தட்டிவிட்டேன்.

பெரியவர் அன்ரியின் தமையன். நாற்பது தாண்டியதும் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். அறுபதில் எழுத்து ஓடாமல் நின்றது. அப்பாவின் உதடு அசைந்தது. மறுபடி ஓடத் தொடங்கியதும் வான் ஓட்டி வந்தவர்கூட வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். நூறு வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். திரையில் ஒரு சின்ன ஜன்னல் திறந்து, கிழங்குப் படமும் ஒரு வெப்பமானியும் தெரிந்தன.

"வெங்காயமெல்லே?" என்றார் பெரியவர்.

"பூக்கிழங்கு ஐயா."

"சரி. அப்ப கலியாணத்தை எப்ப வைப்பம்?"

நான் அன்ரியைப் பார்த்துச் சொன்னேன். "அன்ரி, நான் கட்டுறன் கட்டுறன் எண்டு சொன்னது உதைத்தான். கஜனோடை எனக்கு ஒரு கதையும் இல்லை. இனி இதை எங்கையிருந்தும் கட்டலாம்." சொல்லிவிட்டுக் கஜனுக்கு அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி போட்டேன். "இப்ப நீர் சொல்லும்," என்றேன். அவர் திக்கித் திக்கி அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னார். பேர்கன் நகரத்தில் தாதியாக இருக்கிறாளாம். தமிழ்ப் பிள்ளைதானாம்.

"உவனோடை நான் பேந்து கதைக்கிறன்," என்று அன்ரி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி அணைத்தார்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் திரையைத்தான் பார்த்தார். "அப்ப இனி இணுவிலுக்கு வரத் தேவையில்லை, என்ன பிள்ளை?" என்றார்.

நான் மடிக்கணினியை மூடினேன். அன்ரி எழுந்து சேலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டார். பணியாரத்தை வைத்துவிட்டுப் போனார். அப்பா வான் வீதியில் திரும்பி மறையும்வரை வாசல் படலையடியில் நின்றார். உள்ளே வந்து, "தேவாரம் எது எண்டுகூடத் தீர்மானிச்சிட்டம்," என்று மட்டும் சொன்னார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

நான்காவது

ஹொலண்ட்காரர்களுக்கு மூன்று வடிவமும் போனது. ஒப்பந்தம் தப்பியது. கஜனின் கலியாணத்துக்கும் நாள் பார்க்கத் தொடங்கினார்கள். ரமேஷ் அண்ணை சந்தோஷத்தில் எல்லாருக்கும் மிக்சர் வாங்கித் தந்துவிட்டு, "இனி இணுவில் சோலி இல்லை," என்றார்.

"அப்பிடி விடேலாது அண்ணை," என்றேன். "மூண்டு வகை மெசின் புதுசு. பழைய மெசினிலையும் கட்டுப்படுதோ எண்டு இடைக்கிடை பாக்க வேணும். அதை நாலாவதா வைப்பம்."

"அவசியமோ?"

"ஒரு பாதுகாப்புக்கு."

தொழில் தெரிந்தவர்கள் இதை வாசித்தால் சிரிப்பார்கள். ரமேஷ் அண்ணை தலையாட்டினார். சனிக்கிழமை முற்பகல்களில் போய் வரலாம் என்றார்.

அந்தச் சனிக்கிழமை போனேன். அன்ரி கதவைத் திறந்து, என்ன ஏது என்று கேட்காமல் குசினிக்குள் போய்விட்டார். தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. நானே பெட்டியின் மேலிருந்த பூவை எடுத்துவிட்டுப் பிளக்கைப் போட்டேன். சத்தம் இல்லை. வயரை இறுக்கினேன். மறுபடி போட்டேன். பின்பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன், காற்று வரவில்லை. ஏதோ கருகிய மணம் மெல்லியதாக இருந்தது.

"அன்ரி, மெசின் வேலை செய்யுதில்லை."

அவர் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார்.

"அது நாங்கள் தட்டத்தோடை வர முதலே செத்துப்போச்சுப் பிள்ளை. டப்பெண்டு ஒரு சத்தம், பேந்து புகை."

"ஏன் அன்ரி ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னால் பேந்து என்னத்துக்கு வருவியள்?"

குசினிக்குள் நீத்துப்பெட்டியில் பிட்டு அவியத் தொடங்கியிருந்தது. நான் பிளக்கைக் கழற்றினேன். பெட்டிக்கு முன்னால் கிடந்த கதிரையை இழுத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேசைக்குப் போட்டேன்.